‘இந்த வயதிலா?’ என்று கேட்பதற்கு முன்

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் திண்டுக்கல் சாலையோரங்களில் இரவும் பகலும் நடைப்பயணிகளின் வரிசை ஓய்வதில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாக நகரத்தார் காவடிகள் வருகின்றன. மதுரையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் பாதயாத்திரைக் குழுக்கள் வருகின்றன. திண்டுக்கல்லைக் கடந்த பின்னும் பழநிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். அவ்வரிசையில் நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை.

பேகம்பூரில் அதைப் போன்றே மற்றொரு பயணம் பல வீடுகளில் பல்லாண்டுக் கனவாக இருந்து வருகிறது. ஹஜ் கடமைக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பிள்ளைகளின் திருமணத்தை முடித்து, கடன்களை அடைத்து, அதன் பிறகே புறப்படுகிறவர்கள் பலர். அவர்களுக்குப் பணம் கூடிவரும் வேளையில் வயதும் கூடிவிடுகிறது. இன்னும் சிலருக்குக் கேதார்நாத்தின் பனியைக் காண ஆசை. சிலருக்கு நாள்தோறும் கண்ணில் படும் மலைக்கோட்டையின் உச்சியில் ஒருமுறையேனும் நின்று ஊரைப் பார்க்க ஆசை. நீச்சல் கற்க வேண்டும், ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்போரும் உள்ளனர்.

மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் இந்த ஆசைகள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் வெளிப்படுகின்றன. மருந்துச் சீட்டு எழுதி முடித்து, நாற்காலியிலிருந்து எழும் நேரத்தில், “ஒன்று கேட்கலாமா டாக்டர்?” என்று தொடங்குவார்கள். உடன் வந்தவர்கள் முந்திக்கொள்வார்கள். “அத்தா, இந்த வயதில் அதெல்லாம் எதற்கு?” என்பாள் மகள். “அம்மா, வீட்டில் நிம்மதியாக இருந்தால் போதாதா?” என்பான் மகன். பெரியவர் சிரித்து மழுப்பிவிட்டு வெளியேறிவிடுவார்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பிள்ளைகளின் அச்சம் பொய்யன்று. இதய நோயும் நீரிழிவும் உள்ளவர் ஆயத்தமின்றிப் புறப்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பெரியவரின் ஆசையும் வீம்பன்று. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லால் வீட்டுக்குள் அமர்த்தப்பட்டவரின் தசைகள் மெலிகின்றன, மனமும் சோர்கிறது, அடுத்த சில ஆண்டுகளில் குளியலறைக்குச் செல்லவே துணை தேவைப்படும் நிலை வருகிறது. ‘போகலாமா, கூடாதா?’ என்ற கேள்விக்கு உடனே விடை சொல்வதைக் காட்டிலும், ‘போவதற்கு என்னென்ன செய்தாக வேண்டும்?’ என்று கேட்பதே பயன் தரும் என்பது எங்கள் கருத்து. முதுமையில் பெருஞ்செயல் புரிந்தவர்களின் வாழ்க்கையும் அதையே காட்டுகிறது.

89 வயதில் தொடங்கிய நெடுந்தொலைவு ஓட்டம்

பஞ்சாபின் ஜலந்தர் அருகே பியாஸ் பிண்ட் என்னும் சிற்றூரில் பிறந்த விவசாயி பௌஜா சிங். கடவுச்சீட்டின்படி அவர் பிறந்த நாள் 1911 ஏப்ரல் 1. கால்கள் மெலிந்திருந்ததால் ஐந்து வயது வரை அவரால் நடக்க முடியவில்லை. வாழ்நாள் முழுதும் உழவு செய்தவர், மனைவி மறைந்த பின், 1994இல் கண்ணெதிரே ஒரு மகனையும் விபத்தில் பறிகொடுத்தார். பிறகு இலண்டனில் வாழ்ந்த மற்றொரு மகனிடம் சென்று சேர்ந்தார். மொழி தெரியாத ஊரில், துயரத்தைத் தாங்க முடியாமல் தவித்த அந்த முதியவருக்கு ஓட்டம் ஒரு பற்றுக்கோடாயிற்று.

அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஹர்மந்தர் சிங். முதல் நாள் பயிற்சிக்குப் பெரியவர் கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்றார் என்பதை அவர் பின்னாளில் சிரித்தபடி நினைவுகூர்ந்ததுண்டு. உடையை மாற்றினார், காலணியை மாற்றினார், தொலைவைப் படிப்படியாகக் கூட்டினார். 2000ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில், தம் 89ஆம் வயதில், 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை 6 மணி 54 நிமிடத்தில் கடந்தார் பௌஜா சிங். மூன்று ஆண்டுகள் கழித்து டொராண்டோவில் அதே தொலைவை 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார். வயது மூன்று கூடியிருக்க, நேரம் ஒரு மணிக்கு மேல் குறைந்திருந்தது. முறையான பயிற்சி முதுமையிலும் உடலைத் திருத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

2011இல் 100 வயதில் மீண்டும் டொராண்டோவில் ஓடியபோது 8 மணி 11 நிமிடம் ஆயிற்று. உடல் தளர்வதை அவர் மறைக்கவில்லை. நடந்தும் ஓடியும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கின்னஸ் நிறுவனம் அச்சாதனையைப் பதிவு செய்யவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் பிறந்த நாள் ‘அந்தப் பெருவெள்ளத்துக்கு மறு வருடம்’ என்ற அளவில்தானே தெரிகிறது! 2013இல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓட்டத்தோடு போட்டிகளிலிருந்து விடைபெற்றார். நடப்பதை மட்டும் விடவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரருகே சாலையில் நடந்து சென்றபோது வாகனம் மோதி மறைந்தார். மாரத்தான்கள் பறிக்காத உயிரைப் பறித்தது ஊர்ச்சாலையின் வாகனம். அதிகாலையிலும் இருள் கவிந்த பின்னும் சாலையோரம் நடக்கும் நம் பெரியவர்களுக்கு ஒளிரும் பட்டை தைத்த மேலாடை தேவை என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதய நோயாளி ஏறிய சிகரம்

பௌஜா சிங்குக்குப் பெரிய நோய் ஏதும் இல்லாதிருந்திருக்கலாம், எங்கள் வீட்டுப் பெரியவருக்கோ இதயத்திலேயே கோளாறு உள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். அத்தகையோருக்கு ஜப்பானின் யுய்ச்சிரோ மியுராவின் வரலாறு பொருந்தும்.

1932இல் பிறந்த மியுரா இளமையில் புகழ்பெற்ற பனிச்சறுக்கு வீரர். அறுபதை ஒட்டிய வயதில் பயிற்சியைக் கைவிட்டார், உடல் பருத்தது, நோய்களும் கூடின. அந்த நிலையிலிருந்துதான் மறுபடி தொடங்கினார். முதுகில் சுமையும் கணுக்காலில் எடையும் கட்டிக்கொண்டு நகரத் தெருக்களில் நடந்தார். 2003இல் 70 வயதில் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். 2008இல் 75 வயதில் மீண்டும் ஏறினார். 2009இல் பனிச்சறுக்கில் விழுந்து இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காகப் பலமுறை சிகிச்சை பெற்றார்; கடைசிச் சிகிச்சை 2013 சனவரியில். அதே ஆண்டு மே 23ஆம் நாள், 80 வயதில், மூன்றாம் முறையாக 8,848 மீட்டர் உயரத்தில் நின்றார்.

இவற்றைப் படித்ததும் வியப்புத்தான் மேலிடும். ஆயினும் மருத்துவர்களாகிய நாங்கள் அவர் வாழ்வில் பெரிதும் மதிப்பது வேறொரு நாளை. 2019இல் 86 வயதில் தென்னமெரிக்காவின் அக்கொன்காகுவா மலையில் ஏறத் தொடங்கினார் மியுரா. அதன் உயரம் 6,961 மீட்டர். ஏறத்தாழ 6,000 மீட்டரில் இருந்தபோது, இதயம் இதற்கு மேல் தாங்காது என்று உடன் வந்த மருத்துவர் தடுத்தார். தாம் ஏற முடியும் என்றே மியுராவுக்குத் தோன்றியது. ஆனாலும் மருத்துவர் சொல்லுக்குப் பணிந்து இறங்கினார். உடன் வந்த மகன் கோத்தா மட்டும் உச்சிக்குச் சென்று திரும்பினார்.

பின்னர் கழுத்துத் தண்டுவடப் பகுதியில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் மியுராவின் கைகால்கள் பாதிக்கப்பட்டன. 2023இல், 90 வயதில், மலைக்கென அமைந்த சக்கர நாற்காலியில் அமர்ந்து, நண்பர்களும் குடும்பத்தாரும் இழுத்துச் செல்ல, பூஜி மலையின் உச்சியை அடைந்தார். எவரெஸ்டிலிருந்து பூஜிக்கு, சொந்தக் காலிலிருந்து பிறர் தோளுக்கு என்று தம் கனவின் அளவை அவர் மாற்றிக்கொண்டார், கனவைக் கைவிடவில்லை. பழநியின் ஏறத்தாழ 690 படிகளை ஏற இயலாமல் இழுவை ரயிலில் செல்லும் பெரியவரும், மக்காவில் சக்கர நாற்காலியில் வலம் வரும் பெரியவரும் தங்கள் நோக்கத்தில் எள்ளளவும் குறைந்தவர்கள் அல்லர்.

நம்மவர்களிடையே

இத்தகையோர் தொலைதூர நாடுகளில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. இலங்கை முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் தடகளப் போட்டியில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 72. 1,500 மீட்டர் ஓட்டத்திலும் 5,000 மீட்டர் வேகநடையிலும் தங்கம், 800 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றுத் திரும்பினார். போரின் கொடுமையை நெடுங்காலம் கண்ட மண்ணிலிருந்து ஒரு மூதாட்டி ஓடுகளத்தில் வந்து நின்ற காட்சி உலகத் தமிழர் அனைவரையும் நெகிழச் செய்தது.

பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் 1920இல் பிறந்து கோவையில் வாழ்ந்த நானம்மாள், 99 வயதில் மறையும் வரை யோகப் பயிற்சியைக் கைவிடவில்லை. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சிறுவயதில் தந்தையிடம் கற்றதை நாள்தோறும் செய்துவந்தவர் அவர். இளமையிலேயே தொடங்குகிறவர்களுக்கு முதுமை எவ்வளவு இலகுவாகிறது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. முப்பது, நாற்பது வயதில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி.

கொச்சியில் ஒரு சிறிய தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா இணையரைப் பலர் அறிவர். கடை வருவாயிலிருந்து நாள்தோறும் ஒரு தொகையை எடுத்துவைத்தும், கடன் பெற்றுப் பின் அடைத்தும், 25க்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றி வந்தனர். 2021இல் ரஷ்யா சென்று திரும்பிய சில வாரங்களில், 71 வயதில், விஜயன் காலமானார். ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று அவர்கள் ஒத்திப்போட்டிருந்தால் அந்தக் கடைசிப் பயணம் நிகழ்ந்தே இராது.

முதிய தசை என்ன செய்யும்?

“அவர்கள் எல்லாம் பிறவியிலேயே வலிமை பெற்றவர்கள், நமக்கு ஆகுமா?” என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு மருத்துவ ஆய்வு ஒன்று விடை தருகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. வீரர்கள் அல்லர், பல நோய்களோடு தளர்ந்திருந்தவர்கள். பயிற்சியை நிறைவு செய்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடி இல்லாமலே நடக்கத் தொடங்கினர். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான இவ்வாய்வு, முதிய தசைக்கும் கற்கும் ஆற்றல் உண்டு என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது.

65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அத்துடன் வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாள் விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் தேவை. ‘மிதமான’ என்பதை அளக்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

துணிவு எங்கே ஆபத்தாகிறது?

ஆயத்தமில்லாத துணிவின் விலையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2008இல் 76 வயதில் எவரெஸ்ட் ஏறிய நேபாளத்தின் மின் பகதூர் செர்ச்சன், மியுராவிடம் இழந்த சாதனையை மீட்க 2017இல் 85 வயதில் மறுபடி புறப்பட்டு, அடிவார முகாமிலேயே உயிர் நீத்தார். பயிற்சியும் பட்டறிவும் உடையவர்க்கே உயரம் இவ்வாறு எல்லை வகுக்கிறது.

2024 சூன் மாதம் ஹஜ் காலத்தில் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இறந்தவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றிச் சென்றவர்கள். கூடாரமும் குளிர்சாதன வண்டியும் கிடைக்காமல் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். அதே ஆண்டு நம் கோவை வெள்ளியங்கிரி மலையேற்றத்திலும் பலர் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என வனத்துறை எச்சரித்தது.

கைலாய மானசரோவர் யாத்திரைக்கு அரசு 70 வயதை உச்சவரம்பாக வைத்திருப்பதும், உடல் நிறை குறியீடு 25ஐத் தாண்டக் கூடாது என்பதும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே அனுப்புவதும் இக்காரணத்தால்தான். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் சென்றால் உயர மலை நோய் எவருக்கும் வரலாம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். கேதார்நாத் 3,583 மீட்டர். கொடைக்கானலில் மூச்சு வாங்கவில்லை என்பதால் கேதார்நாத்திலும் வாங்காது என்று எண்ணுவது பிழை. ஹெலிகாப்டரில் சென்றால் நடை மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் உடல் உயரத்துக்குப் பழகுவதற்குரிய கால அவகாசமும் இல்லாமற் போய்விடும்.

மருத்துவரிடம் எப்போது, எதைக் கேட்பது?

பயணச்சீட்டு எடுத்த பிறகு அனுமதி கேட்க வருகிறவர்களே மிகுதி. குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன் வாருங்கள். எங்கே செல்கிறீர்கள், நாளொன்றுக்கு எவ்வளவு நடக்க வேண்டும், ஏற்றம் உண்டா, வெயிலா குளிரா, எங்கே தங்குவீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, எடுத்து வாருங்கள்.

இதய நோயாளிகள்: மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், பைபாஸ் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு ஈ.சி.ஜி., எக்கோ, தேவையெனில் டிரெட்மில் பரிசோதனை செய்து, எவ்வளவு உழைப்பை இதயம் தாங்கும் என்பதை மருத்துவர் கணிப்பார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அது பெட்டியில் இருந்து பயனில்லை. சட்டைப்பையில் இருக்க வேண்டும். உடன் வருபவருக்கும் அதன் பயன்பாடு தெரிந்திருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள்: நெடுநடையின்போது இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் கையில் இருக்கட்டும். இன்சுலின், மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நடக்கும் நாள்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வெயிலில் இன்சுலின் கெடாதிருக்கக் குளிர்காப்புப் பை அவசியம்.

பாதங்கள்: நேர்த்திக்கடனாக வெறுங்காலில் நடப்போர் பலர். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அவ்வாறு நடப்பது பெருந்தீங்கு. தார்ச்சாலையின் சூட்டில் கொப்புளம் எழுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அது புண்ணாகி, காலையே இழக்கும் நிலை வரலாம். மென்மையான, பழகிய காலணியோடு நடந்து, கோவில் வாசலில் கழற்றினால் போதும். இரவுதோறும் பாதத்தின் அடிப்புறத்தை உடன் வருபவர் பார்க்கட்டும்.

இரத்த அழுத்தம்: சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்வோர்க்கு வெயிலில் நீர்ச்சத்து விரைவில் குறைந்து தலைச்சுற்றல் வரும். அதற்கென அளவை மாற்ற வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் நீர், உப்புக் கரைசல் ஆகியவற்றின் அளவை மருத்துவர் சொன்னபடி கடைப்பிடிக்க வேண்டும்.

ஹஜ் பயணிகள்: மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். ஃபுளூ தடுப்பூசியும் முதியோர்க்கு மிக நல்லது. கஅபாவை ஏழு சுற்று வலம் வருவதும், சஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பதும் சேர்ந்து பல கிலோமீட்டர் ஆகும். சஃபா–மர்வா நடை மட்டுமே 3 கிலோமீட்டரைத் தாண்டும். இதற்குரிய பயிற்சியை ஊரிலேயே தொடங்கிவிட வேண்டும். நண்பகல் வெயிலில் வெளியே செல்லாதீர்கள், குடை கட்டாயம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் வாரம் நாளுக்கு 15 நிமிட நடை போதும். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சற்று நீண்ட நடை. ஒரு நாள் முழு ஓய்வு. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது தொடைக்கு நல்ல பயிற்சி. சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது சமநிலைக்கு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் எங்கள் இயன்முறை மருத்துவரிடம் தனிப்பயிற்சி பெறலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற நோக்கோடு தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பயணத்தில் அணியப்போகும் அதே காலணியோடு, சுமக்கப்போகும் அதே பையோடு பயிற்சி செய்யுங்கள். புதுச்செருப்போடு புறப்பட்டவர் ஒட்டன்சத்திரம் சேர்வதற்குள் துன்பப்படுவார்.

வழியில் மார்பில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஓய்விலும் அடங்காத மூச்சிரைப்பு, மயக்கம், மனக்குழப்பம் ஏதேனும் தோன்றினால் அங்கேயே அமர்ந்துவிடுங்கள், 108ஐ அழையுங்கள். நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மார்பு வலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்ற எண்ணமே பலரை வீழ்த்தியிருக்கிறது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

பஞ்சாபைச் சேர்ந்த மான் கௌர் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 93. அவரை ஓடுகளத்துக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய மகன் குருதேவ் சிங். தாய்க்கு முழங்கால் தொல்லையோ இதய நோயோ இல்லை என்பதைக் கருதிப் பார்த்து, தாமும் மூத்தோர் தடகள வீரராக இருந்ததால், உடனிருந்து பயிற்றுவித்தார். 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார் மான் கௌர். அவ்வயதுப் பிரிவில் வேறு போட்டியாளரே இல்லை. அதனால் அந்த ஓட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. அரங்கமே எழுந்து ஆரவாரித்தது.

மகன் செய்ததைக் கவனியுங்கள். ‘வேண்டாம்’ என்று தடுக்கவில்லை. ‘போய் வாருங்கள்’ என்று வழியனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடவும் இல்லை. உடலைக் கருதினார், கற்பித்தார், உடன் நின்றார். மியுராவுக்கு மலையில் மகன் உடனிருந்தார். பௌஜா சிங்குக்குப் பயிற்சியாளர் இருந்தார். பெரியவர்களின் பெருஞ்செயலுக்குப் பின்னே இத்தகைய ஒருவர் இருப்பதைக் காண்கிறோம்.

ஆதலால் உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ ஓர் ஆசையைச் சொன்னால், முதலில் முழுதாகக் கேளுங்கள். சில வேளை அந்த ஆசைக்குள் வேறொன்று மறைந்திருக்கும்: மறைந்த துணைக்குச் செய்துகொடுத்த வாக்கு, தனிமை, ‘இன்னும் நான் பயனற்றுப் போகவில்லை’ என்று தமக்குத்தாமே காட்டிக்கொள்ளும் தவிப்பு. பிறகு அவரோடு சேர்ந்து மாலையில் அரை மணி நடந்து பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே கால் தடுமாறுகிறது என்பது உங்களுக்கே தெரியும். மருத்துவரிடம் சொல்லவும் உதவும். முழுத் தொலைவு முடியாதெனில் பாதியைப் பேருந்தில் கடக்கலாம். கேதார்நாத் ஆகாதெனில் சிறுமலை ஆகலாம். பரிசோதனையின் முடிவில் மருத்துவர் ‘இப்போது கூடாது’ என்றால், அந்த ‘இப்போது’ என்ற சொல்லையும் கேளுங்கள். எது மாறினால் கூடும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘ஒருபோதும் கூடாது’ என்று சொல்ல வேண்டிய நிலையும் சிலருக்கு உண்டு. அதை மறைக்காமல், காரணத்தோடு, பெரியவரிடமே நேராகச் சொல்லுவோம். முடிவு அவருடைய உடலைப் பற்றியது. அவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் பேசுவது முறையன்று.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அந்தக் கேள்வியை எழுந்து செல்லும் நேரத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம். அமர்ந்தவுடனே கேளுங்கள். சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளும் அதே சீட்டில், நீங்கள் செல்ல விரும்பும் ஊரின் பெயரையும் நாங்கள் எழுதிக்கொள்வோம்.